கருத்துக் கேட்ட மெத்தைக்கடை

சாலிமரத்துப்பட்டியில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் பஞ்சுக்குப் பஞ்சம் வந்ததில்லை. மேற்கே மலையடிவாரம் நெடுக இலவ மரங்கள். பங்குனியில் காய் வெடித்தால் ஊரே தும்மும். தும்மி முடித்துவிட்டு ஊரே மெத்தை தைக்கும்.

அந்த ஊர் பஸ் நிறுத்தத்தில் ஒரு மெத்தைக்கடை. கடைக்குச் சொந்தக்காரி வீருசின்னம்மாள். நடத்தியது அவருடைய அண்ணன் பிள்ளைகள் நால்வர். மூத்தவள் பொம்முத்தாயிக்குத் தையல் மிஷின். மொக்கராசுக்குப் பஞ்சு அடைக்கிற வேலை. கடைக்குட்டி சன்னாசிக்கு நாற்பது வயது. ஃபோனைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. மணி அடித்தால் பார்த்துக்கொண்டே இருப்பான், எடுக்க மாட்டான். கேட்டால், "பார்த்துக்கச் சொன்னீங்க, எடுக்கச் சொல்லலையே" என்பான். இந்த மூவரையும் கட்டி மேய்க்கிற மேனேஜர் ஜக்கையன். நால்வரில் அவன்தான் புத்திசாலி என்று மற்ற மூவரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். அவனும் மறுக்கவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தை மாதம் எதிர்வரிசையில் ஒரு ஃபோம் மெத்தைக் கடை வந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, உள்ளே போனால் ஏலக்காய் டீ. ஊர் சனம் டீ குடிக்கப் போய் மெத்தையோடு திரும்பியது. ஜக்கையனே இரண்டு தடவை டீ குடித்துவிட்டு வந்தான். மனசு கேட்கவில்லை, ஆனால் டீ நன்றாக இருந்தது.

வீருசின்னம்மாள் நால்வரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"நான் கோயம்புத்தூருக்கு மக வீட்டுக்குப் போறேன். ஒரு மாசம் கழிச்சு வருவேன். வர்றப்ப அஞ்சு வருஷத்துக்கு ஒரு வியாபாரத் திட்டம் உங்க கையில இருக்கணும். இல்லேன்னா கடையை ஏலக்கா மண்டிக்காரனுக்கு வாடகைக்கு விட்டுருவேன். உங்க அப்பன் முகத்துக்காக இத்தனை வருஷம் பொறுத்தாச்சு."

மெத்தையை விட்டால் ஜக்கையனுக்கு வேறு பிழைப்புத் தெரியாது. அன்று சாயங்காலமே உள்ளங்கையில் பால்பாயிண்ட் பேனாவால் 'திட்டம்' என்று எழுதிக்கொண்டான். குளித்ததும் அழிந்துவிட்டது. மறுபடி எழுதினான். கை கழுவியதும் போய்விட்டது. "நம்ம கையில எந்தத் திட்டமும் நிக்க மாட்டேங்குதே அக்கா" என்று பொம்முத்தாயியிடம் சொல்லிக் கண் கலங்கினான். அவள் இரண்டு நாள் அவனுக்குச் சோறு ஊட்டிவிட்டாள். கை நனையக் கூடாதல்லவா.

மூன்றாம் நாள் அத்தையைக் காரில் கூட்டிப்போக அவருடைய மருமகன் ரகுராமன் வந்தான். கோயம்புத்தூரில் பெரிய கம்பெனியில் வேலை. விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"இதுக்கா இப்படி இருக்கீங்க? அண்ணே, திட்டம் நம்ம மண்டையில இருந்து வரக்கூடாது. வாடிக்கையாளர்கிட்ட இருந்து வரணும். ஆன்லைன்ல கருத்துக் கேட்போம்."

சன்னாசியின் ஃபோனிலேயே ஒரு கேள்விப் படிவம் தயார் செய்தான். மெத்தை எப்படி, விலை எப்படி, கடை எப்படி, கெட்டியாக வேண்டுமா மெத்தென்று வேண்டுமா, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று பத்துக் கேள்வி. பதில் எழுதுகிறவர் நம்பரும் கூடவே வரும். வாரண்டி நோட்டில் இருந்த ஐம்பது பழைய வாடிக்கையாளர்களுக்கு லிங்க் போய்ச் சேர்ந்தது. காரில் ஏறும் முன் ரகுராமன் இரண்டு விரலைக் காட்டினான்.

"ரெண்டே விஷயம். பதில் வர்ற வரைக்கும் ஃபோன் மேலயே கண்ணா இருங்க. வந்த பதிலை அப்படியே எடுத்துக்குங்க. நீங்களா ஒரு அர்த்தம் பண்ணாதீங்க."

கார் தெருமுனை திரும்புவதற்குள் சன்னாசி ஃபோனை மேசைமேல் வைத்து, குனிந்து, வலது கண்ணை அதன்மேல் அழுத்திவிட்டான். மத்தியானம் கண் வலித்தது; இடது கண்ணுக்கு மாற்றினான்.

"ஏதாச்சும் வருதாடா?" என்று ஜக்கையன் கேட்டான்.

"வெளிச்சம் வருதுண்ணே."

"நல்ல சகுனம். எடுத்துராத."

இமை பட்டு நாலைந்து பேருக்கு ஃபோன் போயிற்று. அவர்கள் "அலோ, அலோ" என்றார்கள். எடுத்துப் பேச அவனுக்கு அனுமதியில்லாததால் பேசவில்லை.

மறுநாள் காலையில் முதல் கருத்து வந்தது. சின்னமனூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: 'மெத்தை அருமை. விலைதான் குத்துது.'

நால்வரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாமி வாக்குக் கேட்டது போல் இருந்தது.

"விலை எப்படிக் குத்தும்?" என்றான் மொக்கராசு.

"நீயா அர்த்தம் பண்ணாத. குத்துதுன்னா குத்துது. சட்டையைக் கழட்டு" என்றான் ஜக்கையன்.

மொக்கராசு வெற்றுடம்போடு கடையில் இருந்த பதினேழு மெத்தையிலும் உருண்டான். எட்டாவது மெத்தையில் "ஐயோ!" என்று துள்ளினான். பார்த்தால், விலைச்சீட்டைக் குத்தியிருந்த குண்டூசி. ஜக்கையனுக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கோ சின்னமனூரில் இருக்கும் மனிதர், இங்கே சாலிமரத்துப்பட்டியில் இருக்கும் ஊசியை எப்படிச் சொன்னார்! அந்தக் கணத்திலிருந்து ஆன்லைன் கருத்தின்மேல் அவனுக்குப் பக்தியே வந்துவிட்டது.

எல்லாச் சீட்டையும் பிடுங்கினார்கள். விலைகளை ஒரு பெரிய பலகையில் எழுதி, கூரைக்குக் கீழே ஆணியடித்து மாட்டினார்கள். அங்கேயிருந்து யாரையும் குத்தாது.

அடுத்த கருத்து மறுநாள் வந்தது: 'விலை ரொம்ப மேலே இருக்கு. கொஞ்சம் இறக்குங்க.'

"பார்த்தியா, பலகை மாட்டி ஒரு நாள்கூட ஆகலை. அதுக்குள்ள தெரிஞ்சிருச்சு" என்று பொம்முத்தாயி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பலகையைத் தரைக்கு இறக்கினார்கள். அன்று மாலை ஒரு கிழவர் மெத்தை பார்க்க வந்தார். விலை எங்கே என்று கேட்டார். கீழே காட்டினார்கள். குனிந்து, மண்டியிட்டு, கடைசியில் குப்புறப் படுத்து வாசித்தார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் இறக்கக் கூடாதாப்பா?" என்றார்.

தரைக்குக் கீழே எப்படி இறக்குவது? மொக்கராசு கடப்பாரை எடுத்தான். கடைக்கு நடுவில் இடுப்பளவு குழி வெட்டி அதற்குள் பலகையைச் சாய்த்து வைத்தார்கள். கிழவர் குழியையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனார்.

"போகட்டும். இவ்வளவு இறக்கினவங்க யாருமில்லைன்னு நாலு பேர்ட்ட சொல்வாரு" என்றான் ஜக்கையன்.

நாலாம் நாள் ஒரு சிக்கல். பெரியகுளத்திலிருந்து ஒருவர் 'படு மோசம்' என்று எழுதியிருந்தார். கம்பத்திலிருந்து இன்னொருவர் 'படு ஜோர்' என்று எழுதியிருந்தார்.

"படுன்னு ரெண்டு பேருமே சொல்றாங்க" என்றான் சன்னாசி. "ஒருத்தர் படுத்தா மோசமா இருக்கு. இன்னொருத்தர் படுத்தா ஜோரா இருக்கு. மெத்தை ஒண்ணுதானே அண்ணே?"

ஜக்கையன் நெடுநேரம் மோவாயைத் தடவினான். "மெத்தை ஒண்ணு. ஊரு ரெண்டு. தண்ணி மாறுதுல்ல?"

"அப்ப பெரியகுளத்துக்காரங்க என்னதான் செய்வாங்க பாவம்?" என்றாள் பொம்முத்தாயி.

"உட்காரட்டும் அக்கா. உட்கார்ந்தா மோசம்னு அவங்க சொல்லவே இல்லையே."

வாசலில் பலகை மாட்டினார்கள்: 'கம்பத்துக்காரர்கள் படுக்கவும். பெரியகுளத்துக்காரர்கள் உட்காரவும்.' மற்ற ஊர்க்காரர்கள் நின்றார்கள்.

ஆனால் ஜக்கையனின் தூக்கத்தைக் கெடுத்த கருத்து அதற்கடுத்த வாரம் வந்தது. தேவாரத்திலிருந்து ஓய்வுபெற்ற தாசில்தார் தனுஷ்கோடி எழுதியிருந்தார்: 'உங்கள் மெத்தையில் படுத்தால் எழுந்திருக்கவே முடியவில்லை.'

"எந்திரிக்க முடியலையாம்!" சன்னாசி வாரண்டி நோட்டைத் தேடினான். "எப்ப மெத்தை வாங்குனாரு?"

நோட்டைப் புரட்டினார்கள். வாங்கிப் பத்து மாதம் ஆகியிருந்தது.

"பத்து மாசமாவா படுத்திருக்காரு?" ஜக்கையன் செருப்பைக்கூட மாட்டவில்லை. "வண்டியை எடுங்கடா!"

பஞ்சு ஏற்றுகிற ஆட்டோவில் நால்வரும் தேவாரம் போனார்கள். கயிறு, கடப்பாரை, ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். மத்தியானம் இரண்டு மணி. கதவைத் திறந்த தாசில்தாரின் மனைவி, "ஐயா படுத்திருக்காரே" என்றார். பொம்முத்தாயி அந்த அம்மாளைக் கட்டிக்கொண்டு, "எங்களுக்குத் தெரியும்மா, தைரியமா இருங்க" என்று அழுதாள்.

உள்ளே தனுஷ்கோடி வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மொக்கராசு தலைமாட்டில், சன்னாசி கால்மாட்டில். ஜக்கையன் "ஒண்ணு, ரெண்டு" என்றான். மூன்றுக்குத் தாசில்தார் அந்தரத்தில் இருந்தார். நாலுக்கு நட்டுவைத்த வாழை போல நடுவீட்டில் நின்றார்.

"யாருடா நீங்க? திருடங்களா?"

"பேசுறாரு!" என்றான் மொக்கராசு.

"காலு நிக்குதா ஐயா? ரெண்டு எட்டு வச்சுப் பாருங்க" என்றான் ஜக்கையன் கெஞ்சலாக.

தனுஷ்கோடி இரண்டு எட்டல்ல, இருபது எட்டு வைத்தார். கையில் ஊன்றுகோலோடு, இவர்களுக்குப் பின்னாலேயே, தெருக்கோடி வரைக்கும். ஆட்டோவில் திரும்பும்போது ஜக்கையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பத்து மாசம் படுத்த மனுசன் ஓடுறாருடா. இதைவிட ஒரு வியாபாரிக்கு என்ன வேணும்?"

மாசக் கடைசியில் மொத்தம் இருபத்தைந்து பேர் பதில் எழுதியிருந்தார்கள். படிவமே எல்லாவற்றையும் கூட்டி, வட்டம் போட்டு, வண்ணம் அடித்துக் காட்டியது. மெத்தை எப்படி வேண்டும் என்ற கேள்விக்கு: 'கெட்டியாக' நாற்பத்தெட்டு சதவீதம். 'மெத்தென்று' நாற்பத்தெட்டு சதவீதம். 'கருத்து இல்லை' நாலு சதவீதம்.

இதுதான் திட்டத்தின் உயிர்நாடி என்று ஜக்கையனுக்குப் பட்டது. வெற்றிலை போட்டுக்கொண்டு மூவரையும் சுற்றி உட்காரவைத்தான்.

"யாரு மனசும் நோகக்கூடாது. மெத்தையில நாப்பத்தெட்டு பங்கு கெட்டி. நாப்பத்தெட்டு பங்கு மெத்து."

"தலைமாட்டுல தேங்கா நாரு அடைச்சுரலாம், கால்மாட்டுல பஞ்சு" என்றான் மொக்கராசு. "மீதி நாலு பங்குக்கு என்ன அடைக்கிறது?"

"கருத்து இல்லைன்னு சொல்லியிருக்காங்க. என்னத்த அடைப்ப?"

"ஒண்ணுமில்லாததை அடைக்கணும்" என்றாள் பொம்முத்தாயி மெதுவாக.

அப்படியே செய்தார்கள். ஆறடி மெத்தை. தலைமாட்டில் நார், கால்மாட்டில் பஞ்சு, இடையில் மூன்று அங்குலத்துக்கு வெறும் துணி. உள்ளே காற்றுகூட இருக்கக் கூடாது என்று மொக்கராசு அந்த இடத்தை வாயால் உறிஞ்சி உறிஞ்சித் தைக்கக் கொடுத்தான். மெத்தைக்குக் 'கருத்து மெத்தை' என்று பெயர் வைத்தார்கள்.

வீருசின்னம்மாள் சொன்னபடி வந்து சேர்ந்தார். வாசல் பலகையை வாசித்தார். குழிக்குள் எட்டிப் பார்த்தார். ஜக்கையன் பெருமையோடு கருத்து மெத்தையைக் கட்டிலில் விரித்து, "அத்தே, மொதல்ல நீங்கதான் படுக்கணும்" என்றான்.

பயணக் களைப்பு. அத்தை படுத்தார். தலை கெட்டியில் இருந்தது. கால் மெத்தில் இருந்தது. இடுப்பு மட்டும் கருத்து இல்லாத இடத்தில் விழுந்தது.

இரண்டு பேர் பிடித்துத் தூக்கினார்கள். அத்தை இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நால்வரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஆட்டோ ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்.

"பிடிச்சிருக்கா இல்லையான்னே தெரியலையேடா" என்று ஜக்கையன் தவித்தான். "கருத்துக் கேட்டுருவோம்."

அத்தைக்கு லிங்க் அனுப்பினார்கள். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. பத்துக் கேள்விக்கும் ஒரே பதில்: 'கடையை இழுத்து மூடுங்க.'

பொம்முத்தாயி மடாரென்று உட்கார்ந்துவிட்டாள். ஆனால் ஜக்கையன் கையை உயர்த்தினான். "நீயா அர்த்தம் பண்ணாத அக்கா. பத்து தடவை எழுதியிருக்காங்கன்னா அதுல ஏதோ விஷயம் இருக்கு. இழுத்து மூடணும். எதை இழுத்து மூடுவோம்?"

"போர்வையை" என்றான் சன்னாசி.

நால்வர் முகமும் மலர்ந்தது. இதைவிடப் பொருத்தமான வேலையை மெத்தைக்கடைக்காரர்களுக்கு யார் கொடுக்க முடியும்!

இருந்த கோடு போட்ட மெத்தைத் துணி அத்தனையையும் எடுத்தார்கள். பொம்முத்தாயி மூன்று நாள் மிஷினை விட்டு எழவில்லை. முட்டாள்தனம் வேறு, கை வேறு. அவள் தையலில் ஒரு சுருக்கம் இருக்காது, ஒரு கோடு பிசகாது. கடை முழுவதற்கும், ஓட்டுக்கூரை, முகப்பு, பின்சுவர் எல்லாம் அடங்கும்படி ஒரே உறை. நாலாம் நாள் காலையில் ஜக்கையன் கடைக்குள்ளே போய் நின்றுகொண்டான். உள்ளேயிருந்து ஒருவன் 'வருது, வருது' என்று சொன்னால்தானே இழுக்கிறவனுக்குத் தெரியும்? மற்ற மூவரும் கயிறு கட்டி, பின்பக்கத்திலிருந்து கூரைமேல் ஏற்றி, முன்பக்கம் இழுத்தார்கள்.

"வருது, வருது!" என்று உள்ளிருந்து குரல் கேட்டது. அப்புறம், "வந்துருச்சு!"

பொம்முத்தாயி கோணி ஊசியால் நாலு மூலையையும் தரைவரைக்கும் இழுத்துத் தைத்து முடிச்சுப் போட்டாள்.

போடி போகிற பஸ் நின்றது. டிரைவரே இறங்கி வந்து பார்த்தார். ஒரு கட்டடம் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவதை அந்த வட்டாரத்தில் யாரும் பார்த்ததில்லை. பத்து மணிக்குள் திருவிழாக் கூட்டம். ஃபோம் கடைக்காரர் டீ கிளாஸோடு வெளியே வந்து வாய் பிளந்து நின்றார். உத்தமபாளையத்தில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் வேலாயுதப்பெருமாள் என்பவர் காரை நிறுத்தி, துணியை விரலால் நீவிப் பார்த்தார்.

"யாரும்மா தச்சது? கட்டடத்துக்கே இவ்வளவு கச்சிதமா உறை தைக்கிறவங்க மெத்தைக்கு எப்படித் தைப்பீங்க! என் மண்டபத்துக்கு நாப்பது மெத்தை வேணும். பழைய மாதிரி, முழுக்க இலவம்பஞ்சு."

சண்டை போடுவதற்காக ஆட்டோவில் வந்து இறங்கிய வீருசின்னம்மாள் காதில் கடைசி வார்த்தைதான் விழுந்தது. கூட்டத்தைப் பார்த்தார். போர்த்தியிருந்த கடையைப் பார்த்தார். கோபமாகத்தான் வாயைத் திறந்தார், சிரிப்புத்தான் வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஏலக்கா மண்டிக்காரன்ட்ட கடை இல்லைன்னு சொல்லிர்றேன். பொழைச்சுப் போங்க" என்று சொல்லிவிட்டு, மண்டபக்காரரை எதிர்க்கடைக்கு டீ குடிக்க அழைத்துப் போனார்.

கடைக்குள்ளே ஜக்கையனுக்கு இது எதுவும் தெரியாது. கும்மிருட்டு. வேர்த்து ஊற்றியது. வாசலைத் தேடிப் போய் இரண்டு தடவை விலைக்குழிக்குள் விழுந்தான். கத்திக் கூப்பிடலாம்தான். ஆனால் ஒரு மேனேஜர் கூச்சல் போடுவது முறையா? அதற்கென்று ஒரு வழி இருக்கும்போது? குழிக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்து, தன் ஃபோனில் லிங்க்கைத் திறந்து, பொறுமையாக எழுதி அனுப்பினான்.

வெளியே சன்னாசி துள்ளிக் குதித்தான். "அக்கா! இருபத்தேழாவது கருத்து வந்திருக்கு! 'கடைக்குள் ஒரே இருட்டு. புழுக்கம் தாங்கவில்லை. வெளியே போக வழி இல்லை.'"

மொக்கராசு எட்டிப் பார்த்தான். "நம்பரு எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே."

"பழைய வாடிக்கையாளரா இருப்பாரு" என்றாள் பொம்முத்தாயி. "பாவம், எந்த ஊரோ. மரியாதையா பதில் போடு."

சன்னாசி ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினான்: 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. வரும் ஐந்தாண்டுத் திட்டத்தில் கட்டாயம் கவனிக்கிறோம்.'

குழிக்குள் ஃபோன் மினுங்கியது. ஜக்கையன் வாசித்தான். முகம் தெரியாத ஒருத்தனுக்கு எத்தனை சீக்கிரம், எத்தனை பணிவாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள்! நெஞ்சு நிறைந்து போயிற்று. வேர்வையை வேட்டி நுனியால் ஒற்றிக்கொண்டு, அந்தக் கடைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டான்.